86-ம் அம்மாவும்

3 ஆகஸ்ட் 2024, சனி

சாப்பாடு முடிந்ததும் அம்மாவை உட்காரவைத்து ‘கெட் ஸ்மார்ட்’ தொடரின் முதல் பகுதியைப் போட்டேன். மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் உருவாக்கியது. 1965-லிருந்து 1970 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடியிருக்கிறது. முதல் பகுதி மட்டும் கறுப்பு வெள்ளை.

கச்சேரி அரங்கம், கூட்டம் கப்சிப். திடீரென்று தொலைபேசி மணி. உளவாளி மேக்ஸ்வெல் ஸ்மார்ட், அதாவது ஏஜென்ட் 86, பெரிய மனுஷத் தோரணையோடு எழுந்து போய், மறைவாக நின்று ஷூவைக் கழற்றிக் காதில் வைத்துப் பேசுகிறான்.

“ஏன்டா, தெருவெல்லாம் மிதிச்சதைப் போய்க் காதுல வெச்சுக்கறான்?” என்றாள் அம்மா.

4 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று அதே தொடரை வைத்து 2008-ல் வந்த ‘கெட் ஸ்மார்ட்’ படம். பீட்டர் சீகல் இயக்கம். ஸ்டீவ் கேரல் 86, ஆன் ஹாத்தவே அவனோடு சேர்ந்து வேலை செய்யும் பெண் உளவாளி, ஏஜென்ட் 99.

எனக்கு முதலில் ஒட்டவில்லை. தொடரில் டான் ஆடம்ஸ் செய்த மேக்ஸுக்குத் தான் அசடு என்பதே தெரியாது. ரகசியம் பேச ஒரு கண்ணாடிக் கூண்டை இறக்குவார்கள். உள்ளே இருக்கும் இரண்டு பேருக்குமே ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. அப்போதும் அந்த முகத்தில் கம்பீரம் குறையாது. சிரிப்பே அங்கேதான். கேரலின் மேக்ஸோ கெட்டிக்காரன், ஒட்டுக்கேட்ட பேச்சுகளை அலசி அறிக்கை எழுதுபவன். களத்துக்குப் போகும் தேர்வில் தேறியும், அறிக்கைக்கு ஆள் வேண்டும் என்று மேலதிகாரி விடமாட்டேன் என்கிறார். இது வேறு ஆள் என்று தோன்றியது.

வில்லன் சீக்ஃபிரீடும் அப்படித்தான். பெர்னி கோப்பெல் மீசையும் ஜெர்மன் உச்சரிப்புமாக அதகளம் பண்ணிய பாத்திரத்தை, டெரன்ஸ் ஸ்டாம்ப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறார். கோப்பெல் ஒரு காட்சியில் காரோட்டியாக வந்துபோகிறார். அவரையே உட்காரவைத்திருக்கலாம்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய அறிக்கையை இன்று கூட்டத்தில் படித்தேன். நான்காவது பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார், ஏழாவதில் டீ வந்தது. அத்தோடு சரி.

பஸ்ஸில் வரும்போது கேரல் நினைவுக்கு வந்தார். அவர் அறிக்கை வாசிக்கும்போதும் சக உளவாளிகளுக்கு இதே கண்கள்தான். எதிரிகளும் மனிதர்கள், அவர்களுக்கும் வீட்டுக் கவலை உண்டு என்று எழுதியிருப்பார், யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள். அப்புறம் தலீப் என்ற மலை மாதிரி அடியாளிடம் சிக்குகிறார். மல்யுத்த வீரர் கிரேட் காளிதான். அவருடைய சொந்தப் பெயரும் தலீப்தான். அடி விழ விழ, ஒட்டுக்கேட்டதில் தெரிந்துகொண்ட அவனுடைய புருஷன் பெண்டாட்டிச் சண்டையைப் பற்றி மேக்ஸ் பேச்சுக் கொடுக்கிறார். ராட்சசன் இளகிவிடுகிறான். பின்னால் வெடிகுண்டு பற்றித் துப்புக் கொடுப்பதும் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். சீக்ஃபிரீட் விஷயத்தில் மாற்றமில்லை.

10 ஆகஸ்ட், சனி

படத்தை மறுபடி போட்டேன். ஞாயிறன்று பாதியில் தூங்கிவிட்ட அம்மா இன்று கடைசிவரை பார்த்தாள். லாஸ் ஏஞ்சலஸின் டிஸ்னி இசை அரங்கம், பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி. கடைசி ஸ்வரம் ஒலித்தால் குண்டு வெடிக்கும். மேக்ஸ் ஓடிப்போய், குழுவை நடத்துபவர் மேலேயே பாய்ந்து விழுகிறார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அன்னிக்கு ஷூ அடிச்சுது, இன்னிக்கு ஆளையே தள்ளிட்டான். ஒரு கச்சேரிய முழுசா கேக்க விடமாட்டானா இவன்?”