எவரெஸ்டிலிருந்து ஈரோட்டுக்கு

மே 25, பெரிச்சே

நாற்பது நாள் வீடாக இருந்த கூடாரம் பத்தே நிமிடத்தில் மூட்டையாகி யாக் முதுகில் ஏறிவிட்டது. 5,364 மீட்டரில் இருக்கும் அடிவார முகாமிலிருந்து கிளம்பும்போது நிம்மதிதான். கும்பு பனியருவியை இனி கடக்க வேண்டாமே!

தூக்லா மேட்டில்தான் மனம் கனத்தது. மலையிலிருந்து திரும்பாதவர்களின் நினைவுக் கற்கள் அங்கே இருக்கின்றன. பாபு சிரி ஷெர்பாவுக்கும் ஒன்று. 1999-ல் செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் உச்சியில் 21 மணி நேரம் தங்கியவர். 2001-ல் இரண்டாம் முகாம் அருகே பனிப்பிளவில் விழுந்து இறந்தார். அப்பேர்ப்பட்டவரையே கொண்டுபோன மலை. அங்கே உட்கார்ந்து பனிக்கடி பட்ட என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்குள்ள மருத்துவ நிலையத்தில் கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். விரல்கள் தப்பிவிடும், ஆனால் உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் டாக்டர். தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

மே 26, நாம்சே

பாங்போச்சே பக்கம் வந்ததும் ஈர மண் வாசம். அதன்பின் மரங்கள். ஒரு ஜுனிபர் கிளையை இடது கையால் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அந்த இரவைப் பற்றி இன்றுதான் எழுத வருகிறது. மே 21. பால்கனி என்று சொல்லும் இடம், ஏறக்குறைய 8,400 மீட்டர். ஆக்சிஜன் உருளையை அங்கேதான் மாற்றுவோம். ரெகுலேட்டர் திருகு இறுகிக்கிடந்தது. வெளிக் கையுறையைக் கழற்றினேன். காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஷெர்பா வழிகாட்டி தன்னிடம் உபரியாக இருந்த கையுறையை எனக்கு மாட்டிவிட்டு, "விரல் அசைகிறதா?" என்று இந்தியில் கேட்டார். அசைகிறது என்றேன். மறுபடி கேட்டார். மூன்றாம் முறை என்னால் பொய் சொல்ல முடியவில்லை. என் தோளைப் பிடித்துக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினார்.

உச்சி 8,849. கடைசி முகாம் இருக்கும் சவுத் கோல் வந்து சேரும் வரை அவர்மேல் எனக்கு அப்படியொரு கோபம். ஆனால் வழி முழுக்க என் கயிற்றை ஒவ்வொரு இடத்திலும் மாட்டிவிட்டது அவர்தான். என் விரல்களால் கொக்கியைத் திறக்கவே முடியவில்லை.

அவரை எல்லோரும் 'தாய்' என்றுதான் கூப்பிடுகிறோம். நேபாளியில் அண்ணன் என்று அர்த்தம். இங்கே தமிழில் எழுதும்போது கை ஒரு நொடி நின்றுவிட்டது.

மே 27, லுக்லா

காலையில் நாம்சேயில் பிரிந்தோம். கழுத்தில் வெள்ளைத் துணி போட்டு வழியனுப்பிவிட்டு கும்ஜுங் பாதையில் ஏறிப் போனார். வீட்டில் உருளைக்கிழங்கு வயல் காத்திருக்கிறதாம். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். நன்றி மட்டும்தான் சொல்ல வந்தது.

மே 29, லுக்லா

மேகம். விமானம் இல்லை. 527 மீட்டர் ஓடுபாதை, அதுவும் சரிவு. வானம் தெளியாமல் யாரும் பறக்க மாட்டார்கள். அதுதான் சரி.

மே 30, காத்மாண்டு

ராமேசாப் வரை விமானம், அப்புறம் ஜீப். சுடுதண்ணீரில் குளித்தேன், கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. கண்ணாடியில் நெஞ்செலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது.

ஜூன் 3, ரயிலில்

கோரக்பூரில் ஏறியது. நாக்பூர் வெயிலில் ஜன்னல் கம்பி சுடுகிறது. சக பயணிகள் "ஐயோ" என்று கையை எடுக்கிறார்கள். நான் தொட்டுப் பார்த்தேன். சுட்டுவிரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் ஏதோ. நடுவிரலில் ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னது நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 4, ஈரோடு

அம்மா மலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையை எடுத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். ரசம் சோற்றை நன்றாக ஆற வைத்து, "ஸ்பூன் வேணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். பருக்கைகள் சிந்தின. அவரே பிசைந்து உருட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் கும்ஜுங்குக்கு அழைத்தேன். நலம் விசாரிக்கும் முன்பே அவர் கேட்டார்: "விரல் அசைகிறதா?"

"அசைகிறது, தாய்."

நடுக்கூடத்திலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். போனை அவர் காதில் வைத்தேன். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அம்மா தமிழிலேயே பேச ஆரம்பித்தார்.