கீழே கடை, மேலே வீடு: சேலத்தில் பிளான் அப்ரூவல் வாங்கின அனுபவம்

கொண்டலாம்பட்டிப் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட மனை 30-க்கு 60. நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. கீழே ரெண்டு கடையை வாடகைக்கு விட்டு, மேலே ஒரு மாடியில் நாங்கள், இன்னொன்றில் தம்பி குடும்பம். இதுதான் வீட்டில் பேசிவைத்தது.

"சுயசான்று வந்திருச்சு, ஆன்லைன்லயே முடிச்சுடலாம்" என்றார் மச்சான். விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே சான்று கொடுத்து அனுமதி வாங்குகிற அந்த முறை, 2024-இல் வந்தபோது 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுகிற குடியிருப்புக்கு மட்டும் என்றிருந்தது. எங்களுக்குக் கடையும் உண்டு, மாடியும் ஒன்று கூடுதல். வழக்கமான வழியில்தான் போக வேண்டியிருந்தது.

பிளான் போட வந்த என்ஜினியர் மனையின் அளவைக் கேட்கவே இல்லை. "தெரு எத்தனை அடிங்கண்ணா?" என்றுதான் ஆரம்பித்தார். முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைத் தெருவின் அகலம்தான் முடிவு செய்கிறது. எங்கள் தெருவுக்கு ஒன்றரை மீட்டர். பக்கவாட்டில் விடுவதற்கு மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் இரண்டையும் பார்க்கிறார்கள்.

தெருவின் அகலத்திலேயே ஒரு சிக்கல். லே-அவுட் வரைபடத்தில் 23 அடி. நேரில் டேப் பிடித்தால் 20 கூடத் தேறவில்லை. எதிர்வரிசையில் ஆளாளுக்குச் சாக்கடை மேல் படி கட்டி, வண்டி ஏற்ற ராம்ப்பும் போட்டிருக்கிறார்கள். (எங்கள் வரிசையும் அப்படித்தான், நியாயமாகச் சொல்ல வேண்டும்.) தெரு அகலம் என்றால் தார் போட்ட அளவு இல்லை, எல்லைக்கு எல்லை அளக்க வேண்டும், சாக்கடையும் அதற்குள் அடக்கம் என்று என்ஜினியர் விளக்கினார். இட ஆய்வுக்கு வந்தவர் முதலில் தாரை மட்டும் அளந்தார். வரைபடத்தைக் காட்டி, காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு மறுபடி அளக்கச் சொன்னோம். 23 சரியாக வந்தது. அந்த மூன்றடிக்காக அன்று வெயிலில் நின்ற நேரம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்தது தளப்பரப்புக் குறியீடு, எல்லோரும் எஃப்எஸ்ஐ என்று சொல்வது. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற கணக்கு. 2019 கட்டட விதிகளின்படி எங்களைப் போன்ற சாதாரண உயரக் கட்டடத்துக்கு அது 2. 1,800 சதுர அடி மனைக்கு 3,600 வரை கட்டலாம். இதைக் கேட்டதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நாலு பக்கமும் விட வேண்டியதை விட்டு, வண்டிக்கும் இடம் ஒதுக்கிப் பார்த்தால்தான் அதில் எவ்வளவு கைக்கு வருகிறது என்று தெரியும்.

கடைக்கு உலை வைத்தது பார்க்கிங்தான். ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது ஏறக்குறைய 135 சதுர அடி. வீட்டுக்கு ஒரு கணக்கு, கடைக்கு ஒரு கணக்கு, ரெண்டையும் கூட்ட வேண்டும். "காரைப் பின்னாடி விட்டுட்டு முன்னாடி கடை போடலாமே" என்றார் அப்பா. பின்னால் கொண்டுபோக மூன்றரை மீட்டர் ஓட்டுவழி வேண்டும். மனையின் அகலமே ஒன்பது மீட்டர் சொச்சம். மாடிப்படியும் பக்கத்து இடைவெளியும் போக மிஞ்சுவதில் ஷட்டர் வைத்தால் பெட்டிக்கடைதான் நடத்தலாம். கடைசியில் ஒரு கடையைக் கைவிட்டோம். தரைத்தளத்தில் பெரும்பகுதி வண்டிகளுக்குப் போனது. ஒரே ஆறுதல், அந்த வண்டி நிறுத்தும் இடம் எஃப்எஸ்ஐ கணக்கில் சேராது.

"செவ்வாய்ப்பேட்டையில சுவரோட சுவர் ஒட்டித்தானே கட்டியிருக்காங்க?" என்று மச்சான் விடாமல் கேட்டார். ஒட்டிக் கட்டுவதற்கென்று அறிவித்த பகுதிகளுக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு. எங்கள் லே-அவுட் அதில் இல்லை. பழைய தெருவைக் காட்டிப் புது மனைக்கு நியாயம் கேட்டால் எந்த ஆபீஸிலும் எடுபடாது.

காகித விஷயத்தில் பெரிய அலைச்சல் இல்லை. பட்டா, புல எல்லையைக் காட்டும் எஃப்எம்பி, பத்திரம், வில்லங்கம், காலிமனை வரி ரசீது. எங்கள் மனை ஒருகாலத்தில் அங்கீகாரம் இல்லாத லே-அவுட்டில் இருந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்காக 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் அப்பா அப்போதே பணம் கட்டி ஆணை வாங்கிவைத்திருந்தார். அது இல்லையென்றால் மற்ற எதையும் பேச ஆரம்பித்திருக்கவே முடியாது. மனை வாங்கப்போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய காகிதம் அதுதான். கூடவே, எந்த நிலம் எதற்கு என்று வகுத்துவைத்த மாஸ்டர் பிளானில் அந்த சர்வே எண் குடியிருப்பா, விவசாயமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணங்களில் பலர் மறந்துபோவது தொழிலாளர் நல நிதி. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம், அப்ரூவலுக்கு முன்பே கட்ட வேண்டும்.

இப்போது முதல் மாடிக்கு சென்ட்ரிங் அடிக்கிறார்கள். பின்சுவரை ரெண்டடி தள்ளிக் கட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று மேஸ்திரி சொல்லிப்பார்த்தார். பிளானின் நகலை சிமெண்ட் ஷெட் கதவில் ஒட்டிவிட்டேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பா மட்டும் ரெண்டாவது கடையை இன்னும் விட்டபாடில்லை.