கிராணியின் நாற்காலி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் போதகராக இருப்பவரின் கையில் வேதாகமத்துக்கு அடுத்தபடியாக அதிகம் புழங்குவது விண்ணப்பப் படிவம். சேமநிதி வாரியம், சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், சமூகநல இலாகா, அடையாள அட்டை என்று ஏதாவது ஒன்று என் மேசையில் கிடக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் போன தலைமுறைக்குச் சந்தையில் பேசும் மலாய் நன்றாகவே வரும். அரசாங்கக் கடிதத்தின் மலாய் அவர்களுக்கு வேறு மொழி. போதாக்குறைக்கு, இப்போது பாதி வேலை கைப்பேசிச் செயலிக்குள் போய்விட்டது. ஆகவே ஆலயத்துக்கு வருகிறவர்கள் மட்டுமல்ல, மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பவரும் என் வாசலுக்கு வந்து, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்" என்று உறையை நீட்டுவார்.

ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தவர் தோட்டத்துக் கணக்கரான கிராணி. விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்தில் பெயர் பதிவதும், கூலிக் கணக்குப் போடுவதும், தோட்ட நிர்வாகியான துரை சொன்னதை ஆட்களுக்குச் சொல்வதும் அவர்தான். அவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், கணக்கில் கைவைத்தவர்களும் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எழுதத் தெரிந்தவர் முன்னால் நிற்கும் பழக்கம் மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் என் வீட்டுக்கு வரும்போது, நாற்காலி காலியாக இருந்தாலும் நான் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பார். வற்புறுத்தினால் நுனியில் உட்காருவார். முழங்காலைப் பிடித்தபடி, எழுந்துகொள்ளத் தயாராக. ஆண்டவரைப் பற்றி நான் சொல்வதையும் இதே பயத்தோடுதான் கேட்கிறாரோ என்று எனக்குத் தோன்றியதுண்டு. கிராணியின் நாற்காலி காலியானதும் ஊர் அதைப் போதகருக்கு நகர்த்திப் போட்டுவிட்டது. அது வசதியான நாற்காலி என்பதுதான் சிக்கல்.

இந்த ஊர் தலைவர்களை நிறையப் பார்த்த ஊர். 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைச் சுற்றி முள்வேலி வந்ததும், அரிசியை அளந்து கொடுத்ததும், தாய் தந்தையர் சொல்லிச் சொல்லி இங்கே பலருக்குச் சொந்த ஞாபகம்போலவே ஆகிவிட்டது. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற நாட்களில், 1960இல், இதே ஊரில் பிறந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு தொகைகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழி செய்தார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டவர்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளில் மலிவு வீடு வாங்கினார்கள், பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். துரை மாறினார், கிராணி மாறினார். நாங்களும் மாறுகிறவர்கள்தான். மெதடிஸ்த திருச்சபையில் ஆண்டு மாநாடு முடியும்போது நியமனப் பட்டியல் வாசிக்கப்படும். பெயர் வேறு ஊரோடு சேர்த்து வாசிக்கப்பட்டால் பெட்டி கட்டவேண்டியதுதான். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பிரசங்கிமார் குதிரையில் ஊர் சுற்றிய காலத்திலிருந்தே இது எங்கள் வழக்கம். சபையார் சிரித்த முகத்தோடு "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வழியிலேயே நடப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் சபையை உண்மையில் நடத்துபவர் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பாட்டி. எந்தக் குழுவிலும் அவருக்குப் பதவி கிடையாது. மரண சகாய நிதிக்கு மாதாமாதம் வீடுவீடாகப் போய்ப் பணம் வாங்குகிறார், அவ்வளவுதான். நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார். பணம் கொடுத்தவருக்கு ஒரு கோடு, கொடுக்காதவருக்கு ஒரு புள்ளி. ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து புள்ளி விழுந்தால் அந்த வீட்டில் வேலை போயிருக்கிறது, அல்லது யாரோ படுத்திருக்கிறார்கள். நான் ஞாயிறு வருகையைப் பார்த்து ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பதை அவர் வாசற்படியிலேயே தெரிந்துகொண்டு அரிசிக்கு ஏற்பாடு செய்துவிடுவார்.

வேதபாட வகுப்பில் ஒரு முறை திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையை எடுத்தேன். விடியற்காலையில் வந்தவனுக்கும் மாலை மங்கும்போது வந்தவனுக்கும் முதலாளி ஒரே கூலி கொடுத்த கதை. சிரம்பான் இறையியல் கல்லூரியில் படித்ததை வைத்துத் தேவகிருபை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்து ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் கையைத் தூக்கினார். "இப்படிக் கூலி கொடுத்தால் மறுநாள் பெரட்டுக்கு எவன் ஐயா காலையில் வருவான்?" வகுப்பு சிரித்தது. பாட்டி சிரிக்கவில்லை. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலியும் இல்லை. அப்படித் திரும்பி வந்த நாட்களிலும் வீட்டில் பிள்ளைகளுக்குப் பசித்தது என்றார். "சாயங்காலம்வரை யாரும் கூப்பிடாமல் நின்றானே, அவன் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டாமா? முதலாளிக்கு அது தெரிந்திருக்கிறது." மண்டோர் விடவில்லை. உழைத்தவனுக்கு இது அநியாயம்தான் என்று கடைசிவரை நின்றார். அவர் சொன்னதும் தவறில்லை. உவமைக்குள்ளேயே முதலில் வந்தவர்கள் அப்படித்தானே முறுமுறுக்கிறார்கள்! நான் குறித்து வைத்திருந்த விளக்கத்தை அன்று மேலே தொடரவில்லை.

இன்னொரு வீட்டில் துக்கம். இறந்த தகப்பனார் இந்து, மூத்த மகன் இந்து, இளையவன் எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். கொள்ளிக்குடம் தூக்கும்போது இளையவன் கூட நிற்கலாமா, நெற்றியில் திருநீறு இடலாமா என்று வாசலில் கூடாரத்துக்கு அடியில் வாக்குவாதம். நான் போய் இறங்கியதும் இரண்டு பக்கமும் என்னிடம் தீர்ப்புக் கேட்டது. கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பாட்டி அதற்குள் சமையலறையில் இறந்தவரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளை அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் பதில் வந்தது: சடங்கைப் பெரியவன் செய்யட்டும், சின்னவன் பாடையைத் தோள் கொடுத்துத் தூக்கட்டும், நெற்றி விஷயத்தில் அவனை யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம், ஐயா எனக்காக ஒரு ஜெபம் செய்தால் போதும். அப்படியே நடந்தது. தமிழர் வீடுகளில் மதம் மாறியவனும் மாறாதவனும் ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறார்கள். அங்கே போதகர் நீதிபதியாக உட்கார்ந்தால் ஏதோ ஒரு பக்கம் அந்த வீட்டின் உறவு அறுந்துபோகும்.

தலைமைத்துவப் பயிலரங்குகளுக்கு எனக்கும் அழைப்பு வருகிறது. ஈப்போவில் ஏதாவது ஒரு ஹோட்டலில் குளிரூட்டிய அறை, திரையில் அம்புக்குறிகள், மதியம் நல்ல பிரியாணி. பிரியாணியைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மோசே காலைமுதல் சாயங்காலம்வரை ஒருவராகவே உட்கார்ந்து வழக்குக் கேட்டதைப் பார்த்து, இது நல்லதல்ல, தகுந்த ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பொறுப்பைப் பிரித்துக் கொடு என்று சொன்னவர் விருந்தாளியாக வந்த மாமனார். அதைத் தாண்டி அந்த அம்புக்குறிகள் எனக்குப் புதிதாக எதையும் சொன்னதில்லை.

இப்போது படிவங்கள் என் மேசைக்கு நேரே வருவதில்லை. சனிக்கிழமை மாலையில் ஆலய மண்டபத்தில் வாலிபர்கள் மடிக்கணினியோடு உட்காருகிறார்கள். பக்கத்துத் தாமான் இந்துப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்துகொள்கிறார்கள். வரிசையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார்; அவரைத் தாண்டி யாரும் முந்த முடியாது. நின்றுகொண்டே இருக்கும் அந்தப் பெரியவர் இங்கே பேரன் வயதுப் பையனுக்குப் பக்கத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "அந்த எண்ணை மறுபடி சரிபார் தம்பி" என்று அதட்டுகிறார். குறை ஒன்று உண்டு. நன்றாகப் பழகிய பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறான், அடுத்தவனுக்கு முதலிலிருந்து சொல்லித் தரவேண்டியிருக்கிறது.

அடுத்து வரும் போதகருக்கான ஒப்படைப்புக் குறிப்பை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அங்கத்தினர் எண்ணிக்கை, சொத்து, கடன், கூரை ஒழுகும் இடம் ஆகியவற்றுக்கெல்லாம் கட்டங்கள் இருக்கின்றன. தனியாக ஒரு தாள் சேர்த்து, எந்தக் காரியத்துக்கு யாரைக் கேட்கவேண்டும் என்று எழுதி வருகிறேன். முதல் பெயர் பாட்டியுடையது, இரண்டாவது மண்டோருடையது. இருவரையும் ஒரே குழுவில் போடவேண்டாம், ஆனால் வேதபாட வகுப்பில் எதிரெதிரே உட்காரவைக்கவும் என்று அடியில் குறித்திருக்கிறேன்.