ஸ்பீக்கர் வெச்சு காத்த அடிச்சா தரையில என்ன ஆவுது: புகை செட்டப் அப்டேட்

வேலூர் வெயில்ல ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஒக்காந்து பண்ண வேண்டிய வேலை இது, ஃபேன் காத்து பட்டா புகை கலைஞ்சிடும். அம்மா வந்து "இன்னாடா, வேர்த்து ஊத்துது, ஊதுபத்திய வேற கொளுத்திக்கினு கீற"ன்னு திட்டிட்டு போச்சு.

செட்டப் இதான். மூடின டப்பாவுல பழைய கம்ப்யூட்டர் ஃபேன், பக்கத்துல காத்த அதிர வெக்க ஹோம் தியேட்டர் வூஃபர் (பெரிய ஸ்பீக்கர்), உள்ள ஊதுபத்தி புகை, அப்பால காத்து நேரா போக ஸ்ட்ரா கட்டு, கடைசியா கீழ பாத்த மாதிரி 2 செமீ விட்டத்துல பைப். அதுக்கு 6 செமீ கீழ கருப்பு டைல்ஸ். பைப் வாயில 15 லிட்டர் பிளாஸ்டிக் கவர் மாட்டினா அது நெரம்ப 50 செகண்டுக்கு கொஞ்சம் கம்மியா ஆவுது, அப்ப வேகம் செகண்டுக்கு 1 மீட்டர் பக்கம்.

ஸ்பீக்கர் செகண்டுக்கு எத்தினி வாட்டி அதிருதோ அந்த அதிர்வெண்ண (ஹெர்ட்ஸ்) பைப் விட்டத்தால பெருக்கி காத்து வேகத்தால வகுத்தா ஸ்ட்ரோஹல் எண். பைப்லேந்து பாயிற காத்துக்கு (ஜெட்) அது 0.3 பக்கம் வந்தா அதோட ஓரத்துல சுருண்டு வர்ற வளையம் நல்லா பெருசாவும்னு க்ரோ, ஷாம்பெயின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1971லயே காட்டிட்டாங்க. எனக்கு கணக்கு 15 ஹெர்ட்ஸ்.

ஸ்பீக்கர் இல்லாதப்ப ஓரத்துல சுருள் வருது, ஆனா ஒண்ணு சீக்கிரம் ஒண்ணு லேட்டுன்னு கன்னாபின்னான்னு வருது. ஸ்பீக்கர்ல 15 ஹெர்ட்ஸ் போட்டதும் செகண்டுக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன்ல கரெக்டா 16 ஃப்ரேமுக்கு ஒரு வளையம், அதே எடத்துல! தரைய தொட்டு வெளிய விரியும்போது, அதுக்கு அடியில டைல்ஸ ஒட்டி போற காத்து வேகம் கொறஞ்சு அப்படியே உரிஞ்சு மேல எழும்பி, எதிர்ப்பக்கமா சுத்துற குட்டி சுருள் ஒண்ணு ஆவுது, அது பெரிய வளையத்த தரையிலேந்து தூக்கி விட்டுடுது, இத லூப்ல போட்டு பாத்துக்கினே இருந்தேன்.

40க்கு மாத்தினா கதையே வேற, பைப் வாயில 6 ஃப்ரேமுக்கு ஒண்ணுன்னு சின்ன சின்னதா கெளம்புது, பின்னாடி வர்றது முன்னாடி போறதுக்குள்ள பூந்து ரெண்டும் ஒண்ணாயிடுது, தரைக்கு வர்றது 12 ஃப்ரேமுக்கு ஒண்ணுதான். அதாவது நான் 40ல அடிச்சாலும் தரை வாங்குறது 20. சூடான பரப்பு மேல காத்த இப்டி விட்டு விட்டு அடிச்சாலே சூடு நல்லா எறங்கும்னு பொதுவா சொல்றாங்களே, அதெல்லாம் எந்த அதிர்வெண்ணுன்னு கேக்காம ஒத்துக்க முடியாது.

அடுத்து 1 செமீ பைப், அதே வேகம், அப்ப 30ல பெரிய வளையம் வரணும். தூரமும் இப்ப மாதிரியே பைப் விட்டத்துக்கு மூணு மடங்கா இருக்க, டைல்ஸயும் 3 செமீக்கு ஏத்தணும்.