காளையைக் குத்துற சாமியும் க்யூமோனும்: ரோம் நாட்குறிப்பு

அக்டோபர் 4

வந்து ரெண்டு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள மெயில்ல இடி. பிஎச்டிக்கு அப்புறம் பண்ற போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலைக்குப் போட்ட அப்ளிகேஷன் ரிஜெக்ட். காரணம்னு ஒரே வரி, அதுலயும் ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக். போய்த் தொலையட்டும்னு தீசிஸ் ஃபைலைத் திறந்தா ஃபிரான்ஸ் க்யூமோனுக்கும் இதே கதைதான். 1892ல இருந்து பெல்ஜியத்துல கெண்ட் யூனிவர்சிட்டி வாத்தியார், ரோமானியர்கள் ரகசியமா கும்பிட்ட மித்ராங்கற சாமியோட கல்வெட்டு, சிலை எல்லாத்தையும் தேடித்தேடி ரெண்டு தடி வால்யூமா போட்ட ஆளு, 1910ல ரோமன் வரலாறு பேராசிரியர் பதவிக்கு ஃபேகல்டியே அவர் பேரைத்தான் சொல்லுது, பசங்களும் அவர் பக்கம், ஆனா கத்தோலிக்க அமைச்சர் முடியவே முடியாதுன்னுட்டார். மனுஷன் வேலையைத் தூக்கிப் போட்டுட்டு பாரிஸ், ரோம்னு கிளம்பிட்டார். 1947ல சாகுற வரைக்கும் தனி ஆளாவே ஆராய்ச்சி.

படிக்க கெத்தாதான் இருக்கு. ஆனா அவர் வீட்ல சொத்து இருந்துச்சு. எனக்கு ஒண்ணாம் தேதி வாடகை இருக்கு.

அக்டோபர் 6

இன்னிக்கு சான் கிளெமெண்டே. மேல 12ஆம் நூற்றாண்டு சர்ச், படி இறங்கினா 4ஆம் நூற்றாண்டு சர்ச், இன்னும் இறங்கினா மித்ரா கோயில். கோயில்னா கோபுரம் எல்லாம் இல்ல, வளைஞ்ச கூரை போட்ட இருட்டு ரூம், குகை மாதிரி. ரெண்டு பக்கமும் கல் திண்ணை, அதுல சாஞ்சுக்கிட்டுதான் விருந்து சாப்பிடுவாங்களாம். எங்கயோ அடியில தண்ணி ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு.

நடுவுல பலிபீடத்துல அந்தச் சிற்பம். மித்ரா காளை முதுகுல முட்டி போட்டு, கத்தியை இறக்குறான். நாயும் பாம்பும் ரத்தத்துக்குப் பாயுது, தேள் கீழ கவ்வுது. இந்தக் காட்சி எங்க கிடைச்சாலும் முக்காவாசி மித்ரா காளையைப் பாக்காம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுதான் குத்துவான். ஏன்னு யாரும் எழுதி வைக்கல. ரகசிய மதம், சேந்தவன் வாயைத் திறக்க மாட்டான், அதனால புராணம் கிடையாது, நமக்கு இருக்கறது கல்லு மட்டும்தான்.

அக்டோபர் 9

அம்மா ஃபோன். "எப்படா முடியும்?" வழக்கமான கேள்வி. மித்ரான்னா யாருன்னு கேட்டாங்க, நம்ம வேதத்துல வர்ற மித்ரன்தான், சுதேசமித்திரன் பேப்பர் பேர்ல இருக்கற அதே மித்திரன், ஈரான்லயும் அதே பேர்ல ஒரு சாமின்னேன். "அப்ப அங்கேர்ந்துதான் ரோமுக்குப் போச்சா?"ன்னாங்க.

க்யூமோனும் அப்படியேதான் சொன்னார்! பாரசீக மதம், ரோமன் டிரெஸ் போட்டு வந்துச்சுன்னு. ரொம்ப வருஷம் அதுதான் கடைசி வார்த்தை. 1971ல மான்செஸ்டர்ல மித்ரா ஆய்வாளர்கள் மாநாடு போட்டப்பதான் அது ஆட்டம் கண்டுச்சு. ஈரானிய நூல்கள்ல மித்ரா காளையைக் கொல்ற கதையே இல்ல, ஆதி காளையைக் கொல்றது அஹ்ரிமன், கெட்டவன். இதுக்கு க்யூமோன் கொடுத்த விளக்கம் சுத்தி வளைச்சு மூக்கைத் தொடுற கதை. ஆனா அவரை உரிச்சவங்க அத்தனை பேரும் அவரோட வால்யூமைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் உரிச்சாங்க, அது இல்லாம இந்தச் சப்ஜெக்டே கிடையாது.

அக்டோபர் 10

மழை. வேலை ஓடல.

அக்டோபர் 13

துரா யூரோபோஸ் படங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். சிரியாவுல யூப்ரடீஸ் கரை, 1922லயே க்யூமோன் தோண்டின ஊர். 1934ல அங்க மித்ரா கோயில் கிடைக்குது, 66 வயசுல நேர்ல பாக்கக் கிளம்பிப் போறார். சுவத்துல பாரசீக உடையில உக்காந்திருக்கற ரெண்டு பேர். ஒருத்தர் பாரசீகத்தோட பழைய மதத்தை நிறுவின ஜரதுஷ்ட்ரர், இன்னொருத்தர் ஒஸ்தானிஸ்ங்கற ஞானின்னுட்டார். படத்துல பேர் எழுதியிருந்துச்சான்னா, இல்ல. நாப்பது வருஷமா தேடின பாரசீகம் ஒருவழியா கண்ணு முன்னாடி உக்காந்திருந்தா வேற யாராதான் தெரியும்? எனக்குச் சிரிப்பு வந்துச்சு, கொஞ்ச நேரம்தான்.

அப்புறம் என்னோட நாலாவது சாப்டரைத் திறந்து "நிச்சயமாக"ன்னு தேடிப் பார்த்தேன். பதினாலு இடம். ஒன்பதை எடுத்தாச்சு, மீதி அஞ்சுகூட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், மணி ஒன்றரை.