ஆவணிக்குள் ஒரு முடிவு

14 ஜூலை 2025, திங்கள்

ஆனி மாதத்தின் கடைசிக் கல்யாணம் நேற்று, எங்கள் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் முடிந்தது. மூன்று கேமரா, தனியாக ஓர் ஆடியோ ரெக்கார்டர். இன்று காலை பட்டர்வொர்த் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட்டிஸ்க்கில் இறக்கி வைத்தேன். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆவணி வரை மண்டபங்கள் பக்கம் வேலை இருக்காது. எங்கள் தொழிலில் கருவியை மாற்றுவதற்கு வருஷத்தில் கிடைக்கும் நல்ல இடைவெளி இதுதான்.

கல்யாண வீடியோக்களை வெட்டித் தொகுக்க நாங்கள் வைத்திருக்கும் மென்பொருள் பிரிமியர் ப்ரோ. அதன் சந்தா ஆகஸ்ட் 20-ல் முடிகிறது. அதையே தொடர்வதா, டாவின்சி ரிசால்வுக்குப் போவதா, தம்பி ஆசைப்படுகிற ஃபைனல் கட் ப்ரோவா? ஏவிட் மீடியா கம்போசரை முதலிலேயே தள்ளி வைத்துவிட்டேன். பல எடிட்டர்கள் ஒரே சேமிப்பகத்தில் இருந்துகொண்டு, ஒருவர் திறந்து வேலை செய்யும் 'பின்'னை (வீடியோ துண்டுகளை வைக்கும் ஃபோல்டரை) மற்றவர் மாற்ற முடியாதபடி பூட்டிப் பாதுகாக்கும் இடங்களுக்கு அது பொருந்தும். இங்கே நானும் தம்பியும் மட்டும்தான்.

16 ஜூலை, புதன்

ஓர் அக்கா வந்திருந்தார், பிறையிலிருந்து. 2008-ல் அவர் கல்யாணத்தை எடுத்தது எங்கள் அண்ணன். நான் தொழில் கற்றுக்கொண்டது அவரிடம்தான். போன வருஷம் அந்த அக்காவின் அம்மா தவறிவிட்டார். ஆவணியில் முதலாம் ஆண்டு நினைவு.

"அம்மா வர்ற இடமெல்லாம் சேர்த்து அஞ்சு நிமிஷம் வேணும்மா. டிவிடியில பார்த்தா முகமே தெரியல" என்றார்.

அண்ணன் அந்தக் கல்யாணத்தின் ப்ராஜெக்ட் ஃபைலை இன்னும் வைத்திருக்கிறார். ஆனால் அதைத் திறக்கும் மென்பொருள் இன்று எங்கள் எந்தக் கணினியிலும் ஓடாது. மூன்று வாரம் உட்கார்ந்து செய்த கட், தலைப்புகள், பாட்டுக்கு ஏற்ற அசைவுகள் எல்லாம் அந்தச் சின்ன ஃபைலுக்குள் இருக்கின்றன, எட்டவில்லை. நல்லவேளையாக டேப் இருக்கிறது. மினிடிவி (MiniDV) எனும் சின்ன வீடியோ டேப் ஏழு, பிஸ்கட் டின்னுக்குள் சிலிக்கா ஜெல் பையோடு.

அக்கா போன பிறகு நெடுநேரம் அதையே யோசித்தேன். இத்தனை நாள் எது வேகம், எது அழகு என்றுதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்று நான் வெட்டும் கல்யாணத்தைத் தேடி 2042-ல் ஒரு மகள் வந்தால் என்ன எடுத்துக் கொடுப்பேன்? ஒவ்வொரு மென்பொருளிலும் செய்த வேலையை வெளியே கொண்டுவர என்ன வழி இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

18 ஜூலை, வெள்ளி

தமிழ் எழுத்துச் சோதனை. இதில் தோற்கும் மென்பொருள் எனக்கு வேண்டாம். பெண் மாப்பிள்ளை பெயரைத் தப்பாகப் போட்டுக் கொடுத்தால் அந்த வீட்டில் யாரும் அதை மறக்க மாட்டார்கள்.

நான்கு சொற்கள் வைத்துக்கொண்டேன்: கொண்டாட்டம், கௌரி, ஸ்ரீ, லக்ஷ்மி. 'கொ' என்று நாம் பார்ப்பது கணினிக்குள் 'க', அதன் பின்னால் ஒகரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை எழுத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது எழுத்தை வரையும் எஞ்சினின் வேலை. அந்த வேலை தெரியாத எஞ்சின் கொம்பைத் தவறான பக்கத்தில் வைக்கும், புள்ளியைத் தனியே மிதக்க விடும்.

பிரிமியரில் இதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. விருப்பத்தேர்வுகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், எழுத்து எஞ்சினைத் தெற்காசிய, மத்திய கிழக்கு என்பதற்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் நான்கு சொல்லும் சரியாக வந்தன. இது தெரியாமல் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் காலம் ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. திரையில் தமிழாகத் தெரியும், எழுத்துருவை மாற்றினால் ஒன்றும் புரியாது. பத்து வருஷம் கழித்துத் தேடினால் அந்தப் பெயர் கிடைக்காது.

மேக்கில் தமிழ் சங்கம் எம்என் எழுத்துரு தெளிவாக விழுந்தது. அந்த 'எம்என்' முத்து நெடுமாறன். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை 1985-ல் தொடங்கிய நம் மலேசியக்காரர். தம்பிக்கு அது தெரியாது. சொன்னதும் எழுத்துருப் பட்டியலைத் திரும்பவும் திறந்து பார்த்தான்.

சோதித்த இன்னொரு மென்பொருளின் ஒரு தலைப்புக் கருவியில் 'கௌரி' உடைந்தது. அது அடுத்த பதிப்பில் சரியாகலாம். ஆனால் என் முடிவை மென்பொருளின் பதிப்போடு கட்டிப்போட விருப்பமில்லை. இனிமேல் தலைப்புகளைத் தனியே, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் செய்யப் போகிறேன். படம் எங்கே போனாலும் உடையாது. கூடவே பெயர்களை யூனிகோடில் ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி அதே ஃபோல்டரில் வைக்க வேண்டும்.

20 ஜூலை, ஞாயிறு

புக்கிட் மெர்தாஜாம் கல்யாணத்தை மூன்றிலும் போட்டுப் பார்த்தேன். மூன்று கேமராவையும் ஒலி அலையை வைத்து ஒன்றாகச் சேர்ப்பது எல்லாவற்றிலும் இருக்கிறது, எல்லாமே செய்தன. கெட்டிமேளம் இதற்கு நல்ல அடையாளம். தவிலின் முதல் அடி அலையில் சுவர் மாதிரி நிற்கிறது. தாலி ஏறும் அந்தச் சில வினாடிகளில் மூன்று கோணமும் ஒரு ஃபிரேம்கூட விலகாமல் நிற்க வேண்டும். அந்த இடத்தை எத்தனை தடவை வெட்டினாலும் எனக்கு இன்னும் கை கொஞ்சம் நடுங்கும்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கேமராக்கள் 10-பிட் 4:2:2 எச்.265 என்ற, நிற விவரத்தைக் கூடுதலாக வைத்து இறுக்கிச் சுருக்கும் வடிவில் எடுக்கின்றன. கடைக் கணினியில் டைம்லைன் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் இடம்) திக்கித் திக்கி ஓடியது. மென்பொருளைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டேன், அப்புறம்தான் சிப்பைப் பார்த்தேன். எங்கள் என்விடியா 3060 கார்டுக்கு 4:2:2 எச்.265-ஐ விரிக்கும் சக்தி கிடையாது. என்விடியாவில் அது 50 வரிசையோடுதான் வந்தது. ஆனால் எங்கள் இன்டெல் 11-ஆம் தலைமுறை சிப்பின் உள் கிராஃபிக்ஸில் இருக்கும், வீடியோ விரிக்கும் குவிக் சிங்க்கால் அது முடியும். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போனால் அந்த உள் கிராஃபிக்ஸ் அணைத்து வைக்கப்பட்டிருந்தது! போட்டுவிட்டேன். பிரிமியரில் மூன்று கேமராவும் ஒன்றாக ஓடின. தம்பியின் எம்1 மேக்புக்குக்கு இந்தத் தொல்லையே இல்லை.

புது மென்பொருளுக்கோ புது கார்டுக்கோ பணம் கொடுப்பதற்கு முன்னால் கேமரா எந்த வடிவில் பதிகிறது, சிப் எதை விரிக்கும் என்று பாருங்கள். அதற்கும் சரிப்படவில்லை என்றால் ப்ராக்ஸி செய்துகொள்ளலாம். சிறிய பிரதியில் வெட்டி, கடைசியில் அசலோடு இணைப்பது மூன்றிலும் எளிது.

23 ஜூலை, புதன்

உறவினர்கள் கைப்பேசியில் எடுத்த துண்டுகள். நாம் வினாடிக்கு 25 ஃபிரேமில் வேலை செய்கிறோம், கைப்பேசி 30-ல் எடுக்கிறது, அதுவும் ஒரே சீராக இல்லாமல் கூடிக் குறைந்து. உதடும் பேச்சும் மெல்ல விலகிப் போகிறது. எந்த மென்பொருளாக இருந்தாலும், முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே விடுகிறேன்.

27 ஜூலை, ஞாயிறு

தம்பி ஃபைனல் கட்டில் முழு வரவேற்பையும் ஒரே நாளில் வெட்டி முடித்தான். 90 நாள் இலவச முன்னோட்டம் இருக்கிறதே, நன்றாகவே பழகியிருக்கிறான்.

"அக்கா, இதுல துண்டை எடுத்தா ஓட்டை விழாது. பக்கத்துல உள்ளது தானா வந்து ஒட்டிக்கும்" என்றான்.

உண்மைதான். 2011-ல் அந்த மென்பொருள் புதிதாக எழுதப்பட்டபோது வந்த காந்த டைம்லைன் அது. விரல் அதற்குப் பழகியவர்கள் வேறு எதிலும் இவ்வளவு வேகமாக வெட்ட மாட்டார்கள். மேக்கில் அது ஓடும் இலகுவும் தனி. நான் அதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். எனக்கு டிராக் வேண்டும்: நாதஸ்வரம் ஒரு வரிசை, ஐயர் மந்திரம் ஒரு வரிசை, மண்டபத்துச் சத்தம் ஒரு வரிசை. மேலிருந்து கீழே ஒரு பார்வையில் எது எங்கே என்று தெரிய வேண்டும். அது என் பழக்கம், அவனுடைய தவறு இல்லை. ஆனால் கடைக் கணினி விண்டோஸ். ஃபைனல் கட் மேக்கில் மட்டும்தான். அவன் பாதி வெட்டியதை நான் இரவில் தொடர முடியாது என்பதுதான் பெரிய காரணம். அவன் முகம் வாடியது, எனக்கும் கஷ்டமாக இருந்தது.

2 ஆகஸ்ட், சனி

பணம். பிரிமியர் வருடச் சந்தாவில் மாதம் 22.99 அமெரிக்க டாலர், வருஷத்துக்கு 275.88. அதற்கு மேல் நம் ஊரில் மின்னியல் சேவைகளுக்கு 8 விழுக்காடு சேவை வரி. ரிசால்வ் ஸ்டூடியோ 295 டாலர், ஏறக்குறைய 1,250 வெள்ளி (ரிங்கிட்), ஒரே தடவை. ஓர் உரிமத்தை இரண்டு கணினியில் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஃபைனல் கட் 299.99, அதுவும் ஒரே தடவை.

சந்தா கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதம் பத்து வேலை வருகிறவருக்கு அது பெரிய தொகை இல்லை. ஆடி, மார்கழி என்று ஆண்டுக்கு இரண்டு மாதம் வருமானம் நின்றுபோகும் கடைக்கு அது வேறு கணக்கு.

6 ஆகஸ்ட், புதன்

வெளியேறும் வழிச் சோதனை. நான் மிகவும் காத்திருந்தது இதற்குத்தான்.

பிரிமியரில் வெட்டிய ஒரு சடங்கை எக்ஸ்எம்எல் ஆக (எந்தத் துண்டு எங்கே வருகிறது என்று எழுத்தில் வைக்கும் ஃபைலாக) எடுத்து ரிசால்வில் திறந்தேன். வெட்டுகள் அத்தனையும் வந்தன. சாதாரண டிசால்வ் (ஒரு காட்சி மங்க அடுத்தது தெளிவது), படத்தின் அளவு, இடம் எல்லாம் வந்தன. நிறத் திருத்தம் வரவில்லை, எஃபெக்ட் வரவில்லை, உள்ளே தட்டிய தலைப்புகள் வரவில்லை. பிஎன்ஜி தலைப்புகள் அதனதன் இடத்தில் அப்படியே நின்றன. அதைப் பார்த்ததும் எழுந்துபோய்த் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தேன், அவ்வளவு நிம்மதி.

ஃபைனல் கட் எழுதும் எக்ஸ்எம்எல் வேறு வகை. பிரிமியர் அதை நேராகப் படிக்காது. ரிசால்வ் இரண்டு வகையையும் படிக்கும், இரண்டையும் எழுதும். தம்பி மேக்கில் வெட்டியதை ரிசால்வுக்குள் இறக்கி, பிரிமியர் படிக்கும் பழைய வகையில் வெளியே எடுத்து, பிரிமியருக்குக் கொண்டுபோனேன். போய்ச் சேர்ந்தது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுகிற ஒன்று கடையில் இருப்பது நல்லது.

ரிசால்விலும் கவனம் வேண்டிய இடம் உண்டு. ப்ராஜெக்ட்கள் அதன் நூலகத்துக்குள் இருக்கின்றன, புதுப் பதிப்புக்கு ஏற்றிவிட்டால் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஏற்றுவதற்கு முன் பிரதி எடுத்தே ஆக வேண்டும்.

9 ஆகஸ்ட், சனி

அண்ணன் வீட்டில். அவருடைய பழைய மடிக்கணினியில் டேப் கேமராவை இணைக்கும் ஃபயர்வயர் துளை இருக்கிறது, டேப் கேமராவும் ஓடுகிறது. ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம், ஏறக்குறைய 13 ஜிபி. முந்த வழியில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணன் ஒவ்வொரு முகமாக அடையாளம் சொன்னார். "இந்த ஷாட்டுக்கு அப்பவே டிசால்வ் போட்டிருந்தேன்" என்று இரண்டு தடவை சொன்னார்.

"அண்ணே, அதே இடத்துல போடுறேன்" என்றேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

டேப் படத்தை ரிசால்வின் இலவசப் பதிப்பில் ஏற்றினேன். 720-க்கு 576 புள்ளி, ஒன்றுவிட்ட வரிகளாகப் பதியும் இன்டர்லேஸ் படம். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு, இருட்டுப் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாகக் கொதிக்கிறது. அந்தப் புள்ளிகளை அடக்கும் இரைச்சல் குறைப்பு, காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில் மட்டும்தான். இலவசத்தில் போட்டால் படத்தின் மேல் முத்திரை விழும். விழட்டும் என்று போட்டுப் பார்த்தேன். முத்திரைக்கு அடியில், அம்மா மகளின் தலையில் மல்லிகையைச் சரிசெய்கிறார். டிவிடியில் தெரியாத கண் தெரிந்தது.

ஸ்டூடியோ வாங்கிவிட்டேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. முடிவதற்கு இன்னும் ஐந்து நாள். கடந்த மூன்று வருஷத்துக் கல்யாணங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் எக்ஸ்எம்எல், தலைப்பு இல்லாத ஒரு முழுப் பிரதி ப்ரோரெஸ் என்ற உயர்தர வீடியோ வடிவில், ஒலி தனியாக என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். தம்பி பகலில், நான் இரவில். ரிசால்வில் ஃபைனல் கட் விசைகளைப் போட்டுக்கொள்ளலாம் என்று காட்டிக்கொடுத்தேன். இரண்டு நாளாக அதில்தான் வெட்டுகிறான். அதில் வெட்டுவதற்கு இருக்கும் இரண்டு திரைகளில் கட் பக்கம் அவனுக்குப் பிடித்துவிட்டது, எடிட் பக்கம் எனக்கு.

16 ஆகஸ்ட், சனி

நாளை ஆவணி ஒன்று. அக்கா மாலை வந்தார். ஐந்து நிமிஷம் பதினோரு வினாடி. அண்ணன் சொன்ன இடத்தில் டிசால்வ் இருக்கிறது. அக்கா இரண்டாவது தடவை போடச் சொன்னார், மூன்றாவது தடவை அவரே சுட்டியைப் பிடித்து அந்த மல்லிகை இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

அவர் போனதும் ஃபோல்டரை மூடினேன்: டேப்பிலிருந்து எடுத்த அசல் ஏழு, முழுப் பிரதி, எக்ஸ்எம்எல், தலைப்புப் படங்கள், அம்மாவின் பெயரை எழுதிய டெக்ஸ்ட் ஃபைல். ஒரு ஹார்ட்டிஸ்க் கடையில், இன்னொன்று அண்ணன் வீட்டு பிஸ்கட் டின்னில்.