எனக்கு அவசரமில்லை, சிஸ்டர்

"எனக்கு ஒன்றும் அவசரமில்லை, சிஸ்டர். முதலில் அந்தக் குழந்தையைப் பாருங்கள்." அந்த அம்மா இதைச் சொன்னபோது ஈசிஜி இயந்திரத்தின் வயர்கள் என் கையில் இருந்தன. அவற்றைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, "இதோ வந்துவிடுகிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கேஸ் ஷீட்டில் இரண்டு நேரங்களை நானே எழுதியிருக்கிறேன். அவர் வந்தது 7.10. ஈசிஜி எடுத்தது 7.34. மாரடைப்போ என்று சந்தேகிக்க இடமிருந்தால், வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் பார்த்திருக்க வேண்டும். அவசரப் பிரிவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தருவது இது. புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது நானும் சொல்லித் தருகிறேன்.

அவர் நெஞ்சுவலி என்று சொல்லவில்லை. மதியத்திலிருந்து மேல்வயிற்றில் எரிச்சல், குமட்டல், ஒரே அசதி என்றார். நடந்துதான் வந்தார். பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருந்தது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு இப்படி வேஷம் போட்டுக்கொண்டும் வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தானே வயர்களைக் கையில் எடுத்தேன்? இந்த ஒரு நியாயத்தை எத்தனையோ இரவுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதுவே எனக்கு எதிராகவும் திரும்புகிறது. தெரியாமல் விட்டிருந்தால் அது அறியாமை. நான் தெரிந்தே கீழே வைத்தேன்.

குழந்தைக்கு இரண்டு வயதிருக்கும். அப்பாவின் தோளில் கிடந்தபடியே வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் இருந்த நுரையை உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் வைத்தோம். மருந்தை ஊசியில் ஏற்றுவதற்குள் வலிப்பு தானாகவே நின்றுவிட்டது. காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் அப்படித்தான் அடங்கும். எல்லாம் சேர்ந்து ஐந்தாறு நிமிடம். அந்த நிமிடங்களைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. இன்றைக்கு அப்படி ஒரு குழந்தை வந்தாலும் ஓடத்தான் செய்வேன்.

மீதி நேரத்துக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. குழந்தையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காய்ச்சல் வலிப்பைப் பற்றி நின்று விளக்கினேன். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். எல்லாமே வேலைதான், எதுவும் வீணில்லை. ஆனால் கூட இருந்த சிஸ்டரிடம் "அந்தக் கட்டிலுக்கு ஒரு ஈசிஜி எடுத்துவிடு" என்று சொல்ல இரண்டு விநாடி போதும். அதை ஏன் சொல்லவில்லை? அவர் அவசரமில்லை என்று சொல்லியிருந்தார். அதைச் சொல்லும் தகுதி தனக்கு உண்டா என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் அவருடைய பெருந்தன்மையை மருத்துவக் குறிப்பு போல எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய நாடி 56. அதைப் பார்த்தபோது மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பதற்றமில்லாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு வரும்போது நாடி இப்படிக் குறைவது உண்டு, பாடத்தில் படித்ததுதான். எது என்னை எச்சரித்திருக்க வேண்டுமோ, அதுவே என்னைத் தூங்கவைத்தது.

திரும்பி வந்தபோது எலெக்ட்ரோடு ஒட்டவில்லை. தோலில் அவ்வளவு வியர்வை. பஞ்சால் துடைத்துத் துடைத்து ஒட்டினேன், ஒன்று கழன்று விழுந்தது, மறுபடி ஒட்டினேன். அப்போதும் அவர், "குழந்தை எப்படி இருக்கிறது?" என்றுதான் கேட்டார். இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட தாள் வெளியே வந்தது. இதயத்தின் கீழ்ச்சுவரைக் காட்டும் 2, 3, ஏவிஎஃப் என்ற மூன்று பதிவுகளிலும் கோடு மேடு கட்டி நின்றது. மாரடைப்புதான். டாக்டர் தாளைப் பார்த்தார், பிறகு நேரத்தைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதய ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்திச் சிகிச்சை செய்யும் கேத் லேப்பில் அடைப்பை நீக்கினார்கள். பிழைத்துக்கொண்டார். 10 நிமிடத்துக்கு மேல் போன அந்த 14 நிமிடத் தாமதத்தில் இதயத் தசை எவ்வளவு போயிற்று, ஒன்றும் போகவில்லையா, யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தானோ என்னவோ, என்னால் முழுதாக வருந்தவும் முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை.

இப்போதெல்லாம் அமைதியாக உட்கார்ந்திருப்பவரிடம்தான் முதலில் போகிறேன். அது சரி என்றும் சொல்ல மாட்டேன். போன வாரம் அப்படிப் போனதில், வலியில் கத்திக்கொண்டிருந்த ஒரு பையன் கை எலும்பு முறிவோடு கூடுதல் நேரம் காத்திருந்தான்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று அந்த அம்மாவின் கணவர் எங்கள் பிரிவுக்கே வந்தார். "நீங்கள் உடனே ஈசிஜி எடுத்ததால்தான் அவள் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள்" என்று கைகூப்பினார். உடனே எடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்" என்றுதான் வந்தது. அவர் கையிலிருந்த டிஸ்சார்ஜ் தாளில் அந்த இரண்டு நேரங்களும் இருந்திருக்காது. அவை கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். அது அதற்குள் ரெக்கார்டு அறைக்குப் போயிருக்கும்.